வாசகர் கேள்வி பதில்: பசங்க விளையாடணும்னா பேரண்ட்ஸ் என்ன செய்யணும்?

கேள்வி: கலிஃபோர்னியால ஃபிரெஸ்னோ பக்கத்துல ஒரு ஸ்கூல்ல உதவியாளரா இருக்கேன். பசங்கள்ல முக்கால்வாசி பேர் மெக்சிகன் குடும்பம். ஸ்கூல் முடிஞ்சு சாக்கர் டீம் இருக்கு, சேருங்கன்னு நோட்டீஸ் அனுப்பினா ரெண்டு மூணு பேர்தான் வர்றாங்க. பேரண்ட்ஸுக்கு இதுல அக்கறையே இல்லையா?
— ஒரு வாசகி

பதில்: அக்கறை இல்லைன்னு மட்டும் முடிவு பண்ணிடாதீங்க மேடம். உங்க ஊர் இருக்கறது சென்ட்ரல் வேலி, கலிஃபோர்னியாவோட பெரிய விவசாயப் பகுதி. அங்க திராட்சை, தக்காளி, பாதாம் தோட்டத்துல வேலை பாக்கறவங்கள்ல பெரும்பாலானவங்க மெக்சிகோ பக்கம் இருந்து வந்தவங்கதான், விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவாங்க, வீட்ல ஒரே கார்னா அதுவும் வேலைக்குப் போயிடும், அப்புறம் அஞ்சு மணிக்கு ப்ராக்டிஸ் முடிச்ச பிள்ளைய யார் போய் கூட்டிட்டு வர்றது? இதுல டீம் ஃபீஸ், ஷூ, யூனிஃபார்ம்னு வேற செலவு. இன்னொரு பக்கம் பயம். ரோட்ல வண்டி வேகமா போகுது, பார்க்ல யார் யாரோ நிக்கறாங்கன்னு அம்மா பிள்ளைய வீட்டுக்குள்ளயே வச்சுக்கறாங்க. அது பாசத்துல வர்ற தடை, அத திட்டி மாத்த முடியாது.

ஆனா விஷயம் சீரியஸ்தான், அதையும் சொல்லிடறேன். அமெரிக்க அரசோட 2017-2020 சர்வேல ஹிஸ்பானிக், அதாவது மெக்சிகோ மாதிரி ஸ்பானிஷ் பேசற நாட்டு வம்சாவளி, பிள்ளைங்கள்ல நூத்துக்கு 26 பேருக்கு உடல் பருமன், வெள்ளைக்கார பிள்ளைங்கள்ல 17 பேர் கிட்ட. 6 வயசுக்கு மேல தினமும் 60 நிமிஷம் ஓடி ஆடணும்னு சொல்றாங்க, ஆனா அது ஒரே மூச்சுல இருக்கணும்னு இல்ல, அங்க பத்து இங்க இருபதுன்னு சேர்ந்தாலும் கணக்குதான்.

பேரண்ட்ஸ் சப்போர்ட்னா கார்ல கொண்டு விடறது, ஃபீஸ் கட்டறது மட்டும்தான்னு நாம நினைச்சுக்கறோம். "இன்னிக்கு என்ன விளையாடின?"ன்னு கேக்கறது, பிள்ளை விளையாடறத நின்னு பாக்கறது, சேர்ந்து நடக்கறது, ஞாயித்துக்கிழமை சித்தப்பா பெரியப்பா பசங்களோட பார்க்ல பந்து உதைக்க விடறது, இதெல்லாமே சப்போர்ட்தான். உங்க ஃபிரெஸ்னோ கவுண்டிலயே ஃபயர்பா ஊர்ல யுசி டேவிஸ் யுனிவர்சிட்டிகாரங்க "நீன்யோஸ் சானோஸ், ஃபமீலியா சானா" (ஆரோக்கியமான பிள்ளைங்க, ஆரோக்கியமான குடும்பம்)ன்னு சில வருஷம் ஒரு திட்டம் நடத்துனாங்க, 3 லேருந்து 8 வயசு பிள்ளைங்களுக்கு. ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு பாடம், பேரண்ட்ஸுக்கு தனியா வகுப்புன்னு ரெண்டு பக்கமும் சேர்த்து பிடிச்சாங்க. எனக்கு இந்த வழிதான் சரின்னு படுது.

நீங்க செய்யக்கூடியது நிறைய இருக்கு. நோட்டீஸ ஸ்பானிஷ்ல அடிங்க, முடிஞ்சா ஸ்பானிஷ் பேசற ஒரு அம்மாவ விட்டு ஸ்கூல் கேட்டுக்கு வர்றவங்க கிட்ட நேர்லயே சொல்ல சொல்லுங்க, ஏன்னா வெறும் நோட்டீஸ்னா அது பிள்ளையோட ஸ்கூல் பைக்குள்ளயே கிடக்கும். தம்பி தங்கச்சியையும் கூட்டிட்டு வரலாம்னு சொல்லுங்க, ஏன்னா பெரிய பிள்ளைதான் சின்னத பாத்துக்குது. ஸ்கூல் கிரவுண்ட சாயந்திரம் பூட்டாம வைக்க சொல்லி பிரின்சிபால் கிட்ட கேளுங்க, வெயில் தாழ்ந்தப்புறம்னா ரொம்ப நல்லது, உங்க ஊர் கோடைல 100 டிகிரிய தாண்டிடுது இல்லையா.

கேள்வி: டெக்சாஸ்ல எங்க பக்கத்து வீடும் மெக்சிகன் ஃபேமிலிதான். பையன் தெருவுல விளையாடறான், 12 வயசு பொண்ண மட்டும் வெளிய விடறதில்ல. நான் ஏதாவது சொல்லலாமா?
— இன்னொரு வாசகி

பதில்: சொல்றத விட கூப்பிடுங்க. இந்த வயசுல பொண்ணுங்க விளையாட்டு குறையறது எல்லா சமூகத்துலயும் நடக்குது, வீட்டு வேலை, சின்ன பிள்ளைய பாத்துக்கறது எல்லாம் அவ தலைல வந்துடுது. சாயந்திரம் நீங்க வாக்கிங் போகும்போது அந்த அம்மாவையும் பொண்ணையும் சேர்த்து கூப்பிடுங்க, பெரியவங்க கூட இருந்தா விடுவாங்க. அப்புறம் பக்கத்துல பாலே ஃபோக்லோரிகோ, அதாவது மெக்சிகன் நாட்டுப்புற நடனம், சொல்லித்தர்ற இடம் இருக்கான்னு விசாரிச்சு சொல்லுங்க. கால தட்டித் தட்டி ஆடறதுல நல்லா வேர்த்துடும், அவங்க கலைங்கறதால பாட்டி முதற்கொண்டு சந்தோஷமா அனுப்புவாங்க.