லோ ஃபேட் யோகர்ட் சாப்பிட்டும் எடை இறங்காதது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 6.1. எடையைக் குறைக்கச் சொன்னார்கள். ஸ்வீட்டை நிறுத்திவிட்டு, மதியமும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கப் லோ ஃபேட் மாம்பழ யோகர்ட் சாப்பிடுகிறேன். ஞாயிறன்று சுகர் ஃப்ரீ ஐஸ்க்ரீம். எடை அப்படியே இருக்கிறது. ஐஸ்க்ரீம் சாப்பிட்டால் வயிறு வேறு உப்பிக்கொள்கிறது. யோகர்ட் லேபிளில் இருப்பது: 100 கிராமில் கொழுப்பு 1.5, மொத்தச் சர்க்கரை 14, சேர்த்த சர்க்கரை 9 கிராம்.

மருத்துவர் பதில்: லேபிளை எழுதி அனுப்பினீர்களே, பாதி வேலை முடிந்தது. பலரும் டப்பாவின் முன்பக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

லோ ஃபேட் என்று போட்டிருப்பது பொய்யில்லை. 100 கிராமில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இல்லாவிட்டால் அப்படிப் போட்டுக்கொள்ள நம் நாட்டு விதி அனுமதிக்கிறது. ஆனால் சர்க்கரை எவ்வளவு என்பதற்கு அந்தச் சொல் பொறுப்பில்லை. கொழுப்பை எடுத்தால் யோகர்ட்டின் வழவழப்பும் ருசியும் போய்விடும். அதை ஈடுகட்டத்தான் சர்க்கரையும் ஸ்டார்ச்சும் சேர்க்கிறார்கள்.

நீங்கள் பார்க்க வேண்டியது அந்த 9. மீதி 5 பெரும்பாலும் பாலிலேயே உள்ள லாக்டோஸ். வீட்டுத் தயிரிலும் ஏறக்குறைய அவ்வளவு உண்டு, அதை விட்டுவிடுங்கள். 100 கிராம் கப் என்றால் 9 கிராம் என்பது இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. இரண்டு வேளைக்கு நான்கு. சேர்த்த சர்க்கரை, தேன், பழச்சாறு எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களுக்கு 18 கிராம் யோகர்ட்டிலேயே போய்விடுகிறது. இதில் காபிக்குப் போடுவது வேறு!

இன்னொன்று. டோன்டு பாலில் கொழுப்பே 3 சதவீதம்தான். அதில் உறை ஊற்றிய தயிர் ஏற்கெனவே லோ ஃபேட் கணக்கில்தான் வரும். காசு கொடுத்து கப் வாங்கத் தேவையில்லை. இனிப்பு வேண்டுமா, இரண்டு துண்டு மாம்பழத்தை நறுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வேளை போதும்.

சரி, ஐஸ்க்ரீம். இங்கே கதை தலைகீழ்: சர்க்கரை போனாலும் கொழுப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரு கிராம் சர்க்கரைக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9. அதனால் அந்த டப்பாவில் நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள். டப்பாவில் ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்று இருந்தால் பால்கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெயோ தாவரக் கொழுப்போ சேர்த்திருப்பார்கள்.

வயிற்று உப்புசத்துக்கு, சர்க்கரைக்குப் பதிலாக இனிப்புக்குச் சேர்க்கும் மால்டிடால், சார்பிடால் காரணமாக இருக்கலாம். சேர்மானப் பட்டியலில் தேடுங்கள். இவை சிறுகுடலில் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. பெருங்குடலில் உள்ள பாக்டீரியா புளிக்கவைத்து வாயுவாக்கிவிடும். மால்டிடாலுக்குச் சர்க்கரையில் பாதியளவு கலோரியும் உண்டு. மாதம் ஒருமுறை சாதாரண ஐஸ்க்ரீமையே ஒரு சின்னக் கரண்டி சாப்பிட்டுவிட்டுப் போங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

எச்பிஏ1சி கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும். இன்று மாற்றினால், மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்து உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள்.