எகிப்தியரின் ‘இறந்தோர் நூல்’ அவர்களுடைய வேதமா? ‘இதயம் இறகைவிட லேசாக இருந்தால் சொர்க்கம்’ என்று அதில் எழுதியிருக்கிறதா?

வேதம் இல்லை. இறகைவிட லேசு என்பதும் அதில் இல்லை. இரண்டாவதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்தப் பெயர்.

‘இறந்தோர் நூல்’ என்பது எகிப்தியர் வைத்த பெயர் அல்ல. 1842-ல் ரிச்சர்ட் லெப்சியஸ் என்ற ஜெர்மன் அறிஞர், இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருந்த தாலமி அரசர்கள் காலத்து (கி.மு. கடைசி மூன்று நூற்றாண்டுகள்) சுருள் ஒன்றை எடுத்து, அதிலிருந்த மந்திரங்களுக்கு 1 முதல் 165 வரை எண் போட்டு அந்தப் பெயரில் வெளியிட்டார். மற்ற சுருள்களில் கிடைத்ததையெல்லாம் பின்னால் வந்தவர்கள் சேர்க்கச் சேர்க்க, எண் இன்று 190-ஐ ஒட்டி நிற்கிறது. எகிப்தியர் சொன்னது ‘பெரெத் எம் ஹெரு’, அதாவது பகலில் வெளியே வருதல். கல்லறைக்குள் கிடப்பவர் காலையில் எழுந்து வெயிலுக்கு வர வேண்டும், இரவில் பத்திரமாக உடம்புக்குத் திரும்ப வேண்டும். இத்தனை மந்திரமும் அதற்குத்தான்.

எல்லா மந்திரமும் அடங்கிய சுருள் என்று ஒன்றுகூடக் கிடையாது. வாங்குபவரின் வசதிக்கும் விருப்பத்துக்கும் தக்கபடி பொறுக்கி எடுத்துச் சேர்த்ததுதான் ஒவ்வொன்றும். 2022-ல் கெய்ரோவுக்குத் தெற்கே சக்காரா இடுகாட்டில் கிடைத்த 16 மீட்டர் சுருளில் 113 மந்திரங்கள் இருக்கின்றன. லெப்சியஸின் எண்கள் பிற்காலச் சுருளிலிருந்து வந்தவை என்பதால், அதற்கு ஆயிரம் ஆண்டு முந்திய சுருள்களில் வரிசை தாறுமாறாகத் தெரியும். அனி என்ற அரசு எழுத்தருக்காகச் செய்த புகழ்பெற்ற சுருளில் 17-க்கு அடுத்து வருவது 147. அது தவறு அல்ல. அனி வாழ்ந்த கி.மு. 1250 வாக்கில் வரிசை என்று ஒன்று கிடையாது. 26-வது வம்சத்தில்தான், கி.மு. 7, 6-ம் நூற்றாண்டுகளில், வரிசை ஒருவாறு நிலைப்பட்டது.

இதன் பூர்வீகம் அரசர்களிடம் இருக்கிறது. 5-வது வம்சத்தின் கடைசி அரசர் உனாஸ், கி.மு. 2350 வாக்கில் சக்காராவில் கட்டிய பிரமிடின் உள்சுவர்களில்தான் முதன்முதலாக இத்தகைய மந்திரங்களைச் செதுக்கினார்கள். படம் எதுவும் இல்லை, நீலம் பூசிய எழுத்து மட்டும். பிறகு அதிகாரிகளும் அவர்கள் மனைவியரும் சவப்பெட்டிகளின் உட்பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். தெய்ர் எல் பெர்ஷாவில் கிடைத்த சில பெட்டிகளின் அடிப்பலகையில் மறுவுலகத்தின் வழிப்படமே வரைந்திருக்கிறது, ஒரு தரைவழியும் ஒரு நீர்வழியுமாக. மூன்றாவது கட்டம்தான் பாப்பிரஸ், அதாவது நாணல் போன்ற செடியிலிருந்து செய்த தாள். பெட்டிப் பலகையைவிடச் சுருளில் இடம் அதிகம், படமும் போடலாம். அதைவிட முக்கியமாக, ஆள் சாவதற்கு முன்பே தயார் செய்து கடையில் வைக்கலாம்.

கோளாறெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பட்டறையில் ஓவியர் முதலில் படங்களை வரைந்துவிடுவார், எழுத்தர் மிச்சமுள்ள இடத்தில் எழுதுவார். இடம் போதாவிட்டால் மந்திரம் பாதியில் நிற்கும், அடுத்த படத்தின் கீழ் அடுத்த மந்திரம் தொடங்கிவிடும். பெயர் வரவேண்டிய இடங்களைக் காலியாக விட்டு வைப்பார்கள். விற்ற பிறகு ‘ஒசிரிஸ் அனி’ என்று நிரப்ப வேண்டும் (இறந்தவர், மறுவுலகை ஆளும் ஒசிரிஸ் தெய்வத்தோடு ஒன்றாகிவிடுவதால் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம்). அனியின் சுருள் கிட்டத்தட்ட 24 மீட்டர். வெவ்வேறு கைகள் எழுதிய துண்டுகளை ஒட்டிச் சேர்த்தது. பெயர் எழுதிய கை பல இடங்களில் வேறு என்று பார்த்தாலே தெரியும். 18-வது மந்திரம் அதில் இரண்டு தடவை வந்துவிட்டது. துண்டுகளை ஒட்டியபோது யாரும் சரிபார்க்கவில்லை போலிருக்கிறது. வேறு சில சுருள்களில் காலி இடம் கடைசிவரை காலியாகவே கிடக்கிறது. பெண்ணுக்கு வாங்கிய சுருளில் ‘அவன்’ என்றே விட்டிருப்பதும் உண்டு. விலையோ ஒரு டெபென் வெள்ளி, சுமார் 91 கிராம். கூலியாள் ஒருவரின் அரை ஆண்டுச் சம்பளம் என்று மதிப்பிடுகிறார்கள்.

இன்னொரு கோளாறு, படிக்கும் திசை. எகிப்திய எழுத்தில் பறவையும் மனிதரும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படிப்பது வழக்கம். இந்தச் சுருள்களில் பெரும்பாலும் அதற்கு நேர்மாறு: உருவங்கள் வலப்பக்கம் பார்க்கும், செங்குத்து வரிகளையோ இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். நகலெடுப்பவர் அதை மறந்து வழக்கமான திசையில் வரிகளைப் பெயர்த்தால் மந்திரத்தின் வால் முன்னால் வந்து தலை பின்னால் போய்விடும். அப்படிப்பட்ட நகல்கள் இருக்கின்றன, எழுத்து முத்து முத்தாக இருக்கும், பொருள் மட்டும் இருக்காது. கல்லறைக்குள் போகிற சரக்கை யார் பிரித்துப் படித்துப் பார்க்கப் போகிறார்கள்?

எகிப்தியருக்கே பழைய பாடம் புரியாமல் போனதற்கு 17-வது மந்திரம் சாட்சி. நம்மூர் மூலமும் உரையும் போலவே இருக்கும். ‘தானே தோன்றிய பெருங்கடவுள் நான்’ என்று மூலம். உடனே, ‘அது யார்?’ என்று கேள்வி. ‘அது நீர், அதுவே நூன்’ (படைப்புக்கு முந்திய ஆதி வெள்ளம்) என்று பதில். அதற்கடுத்து, ‘வேறு விதமாகச் சொன்னால், அது ரா’ (சூரியக் கடவுள்) என்று இன்னொரு பாடம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளவில்லை; உரையாசிரியர் மாதிரி எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுப் போகிறார்கள். மொத்தத் தொகுப்பில் எனக்கு மிகவும் சுவையான பகுதி இதுதான்.

ஒரு மந்திரத்தின் அமைப்பு இப்படி: தலைப்பு சிவப்பு மையில், பாடம் கறுப்பில், கடைசியில் செய்முறைக் குறிப்பு மறுபடி சிவப்பில். சிவப்பு நடுவே கடவுள் பெயர் வந்தால் கறுப்புக்கு மாறிக்கொள்வார்கள். ராவின் எதிரியான அபோபிஸ் பாம்பின் பெயருக்கு மட்டும் சிவப்பே பொருத்தம்.

செய்முறைக் குறிப்புகளைப் படிக்காமல் விட்டால் பாதி விஷயம் போய்விடும். இதயத்துக்கான 30பி மந்திரத்தை எடுத்துக்கொள்வோம். ‘என் தாயிடமிருந்து வந்த இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்லி நிற்காதே’ என்பது அதன் சாரம். இதைப் பச்சைக் கல்லில் செய்த வண்டின் அடிப்பக்கத்தில் பொறிக்க வேண்டும், வண்டைப் பொன்னில் பதித்து வெள்ளி வளையம் கோத்து இறந்தவரின் கழுத்தில் இட வேண்டும் என்று குறிப்பு சொல்கிறது. மம்மியாக்கும்போது மூளையை மூக்கு வழியாக உருவி எறிந்தவர்கள் இதயத்தை மட்டும் உடம்பிலேயே விட்டது, நினைவும் புத்தியும் அங்கேதான் இருக்கின்றன என்று நம்பியதால். சகலமும் தெரிந்த அந்தச் சாட்சி தராசுத் தட்டில் ஏறி வாயைத் திறந்துவிட்டால் என்ன ஆவது? அந்தப் பயம்தான் இந்த மந்திரம். ‘மென்காவுரே அரசர் காலத்தில், ஹோர்ஜெதெப் இளவரசர் கோயில்களைச் சோதித்துவந்தபோது ஹெர்மோபோலிஸில் கடவுளின் காலடியில் கண்டெடுத்தது’ என்று ஒரு பூர்வீகமும் சேர்த்திருப்பார்கள். பழமை சொன்னால் மதிப்பு கூடும் என்பது எல்லாக் காலத்துக்கும் தெரிந்த வியாபாரம்.

தீர்ப்பு மன்றம் வரும் 125-வது மந்திரத்துக்கான குறிப்பு இன்னும் கறார். சொல்பவர் சுத்தமாக இருக்க வேண்டும், தூய ஆடை, வெள்ளைச் செருப்பு, கண்ணில் மை, உடம்பில் வெள்ளைப்போள எண்ணெய். மன்றத்தின் படத்தைச் சுத்தமான தளத்தில் காவி கொண்டு வரைய வேண்டும். குழைக்கும் மண், பன்றியும் ஆடும் மிதிக்காத இடத்து மண்ணாக இருக்க வேண்டும்.

அந்த மன்றத்தில் 42 தெய்வங்கள். ஒவ்வொருவரையும் பெயரும் ஊரும் சொல்லி அழைத்து, ஒவ்வொரு குற்றமாக மறுக்க வேண்டும். ‘ஹெலியோபோலிஸிலிருந்து வந்த நெடுநடையனே, நான் பொய்ம்மை செய்யவில்லை’ என்று தொடங்குகிறது. கொலை, களவு தவிர, ஒட்டுக்கேட்டதில்லை, அதிகம் பேசியதில்லை என்பதும் உண்டு. இந்தப் பட்டியலுக்கு முன்னால் வருகிற இன்னொரு பட்டியலைக் கவனியுங்கள்: நில அளவைக் குறைக்கவில்லை, எடைக்கல்லில் கூட்டவில்லை, குழந்தைகளின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை, ஓடும் நீருக்கு அணை போடவில்லை. வெள்ளம் வடிந்தபின் வரப்பு அழிந்து மறுபடி அளக்கப்படும் நைல் கரையில் எதெல்லாம் வழக்காகும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இப்போது தராசு. ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் மாஆத் தெய்வத்தின் தீக்கோழி இறகு. கி.மு. 1280 வாக்கில் செய்த ஹுனேபரின் சுருளைப் பெரிதாக்கிப் பாருங்கள்: தராசின் நடுக்குண்டை நரித்தலைத் தெய்வம் அனுபிஸ் பிடித்துச் சரிபார்க்கிறார், எழுத்தின் தெய்வம் தோத் எழுத்துப் பலகையோடு நிற்கிறார், தட்டுகள் சமமாக நிற்கின்றன. எந்தத் தட்டும் மேலே போகவில்லை. இதயம் மாஆத்துக்கு, அதாவது ஒழுங்குக்கும் உண்மைக்கும், சமமாக நிற்க வேண்டும். லேசாக இருக்க வேண்டும் என்பது பிற்காலத்தார் எளிமைப்படுத்திச் சொன்னது. தவறினால் விழுங்கக் காத்திருக்கும் அம்மித்துக்கு முதலைத் தலை, சிங்கத்தின் முன்பகுதி, நீர்யானையின் பின்பகுதி. ஆனால் இந்தச் சுருள்கள் எதிலும் அது யாரையும் தின்பதாக வரையவில்லை. காசு கொடுத்து வாங்கிய சுருளில் வாங்கியவர் தோற்பதாக யார் வரைவார்? அதனால்தான் விசாரணை தொடங்கும் முன்பே பெயருக்குப் பின்னால் ‘மாஆ கெரு’, வாய்மை மெய்ப்பட்டவர், என்ற பட்டம் எழுதியாகிவிடுகிறது.

தராசில் தேறியதும் கதவு திறந்துவிடாது. நிலைக்கால், தாழ்ப்பாள், வாசற்படி என்று ஒவ்வொன்றும் தன் பெயரைக் கேட்கும். ‘எங்கள் பெயரைச் சொன்னால்தான் விடுவோம்’ என்கின்றன நிலைக்கால்கள். ‘உண்மையின் தூக்குக்குண்டு’ என்பது சரியான விடை. மன்றத்தின் தரை கேட்பது இன்னும் விசித்திரம்: என்னை மிதிக்கும் உன் இரண்டு கால்களின் பெயர் என்ன? விடைகள் சுருளிலேயே இருக்கும். தேர்வுக் கூடத்துக்குள் விடைத்தாளோடு போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருளை மம்மியின் கால்களுக்கு இடையில் வைப்பதும், உள்ளே குடைந்த ஒசிரிஸ் சிலைக்குள் செருகுவதும், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்றுதான்.

உள்ளே போனால் என்ன கிடைக்கும்? வயல். ‘நாணல் வயல்’ என்று பெயர். அங்கே வாற்கோதுமை 5 முழம் வளரும், கதிர் 2 முழம், தாள் 3 முழம். எம்மர் கோதுமை 7 முழம், கதிர் 3, தாள் 4. எகிப்திய அரச முழம் 52 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஆகவே கோதுமை மூன்றரை மீட்டருக்கும் அதிகம். விளைச்சல் பிரமாதம்தான், ஆனால் உழுது அறுப்பது யார்? அனி போன்ற அரசு எழுத்தர் மண்வெட்டி பிடித்தவரா என்ன? அங்கேதான் 6-வது மந்திரமும் ஷப்தி பொம்மைகளும் வருகின்றன. ‘ஷப்தியே, மணலைக் கிழக்கிலிருந்து மேற்கே சுமக்க என்னைக் கூப்பிட்டால், இதோ இருக்கிறேன் என்று நீ சொல்ல வேண்டும்.’ முதலில் ஒன்றிரண்டு பொம்மைதான் வைத்தார்கள். பிறகு நாளுக்கு ஒன்றாக 365, பத்துப் பேருக்கு ஒரு மேஸ்திரி என்று சாட்டையோடு 36, ஆக 401. இந்தக் கணக்கில் 401 பொம்மைக்கு வெள்ளி வாங்கிக்கொண்டதை எழுதிக் கொடுத்த ரசீதே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துட்டன்காமுனுக்கு 413, மாதத்துக்கு ஒருவராக இன்னும் 12 மேற்பார்வையாளர்.

மீதி மந்திரங்களில் பலவும் சில்லறைப் பயங்களுக்கானவை. முதலைக்கு 31, பாம்புக்கு 33, தலை வெட்டுப்படாமல் இருக்க 43, இரண்டாவது தடவை சாகாமல் இருக்க 44. மறுவுலகில் எல்லாம் தலைகீழாகி மலத்தைத் தின்ன நேர்ந்துவிடுமோ என்ற பயத்துக்கு 53. மனிதத் தலை கொண்ட பறவையாகப் பறந்து திரியும் ‘பா’ என்ற ஆன்மா இரவில் உடம்புக்குத் திரும்ப 89. தன் பெயரே மறந்துபோகாமல் இருக்க 25.

படிக்கத் தொடங்குபவர்கள் 1-ல் ஆரம்பிக்க வேண்டாம். 125, 6, 30பி, பிறகு 17 என்று போகலாம். சுருளின் படம் இணையத்தில் கிடைத்தால் முதலில் பறவைகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கவனியுங்கள், அடுத்து சிவப்பு வரிகளை. அனியின் சுருளை 1888-ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக வாங்கிய வாலிஸ் பட்ஜ் அதை 37 துண்டாக வெட்டிவிட்டார் என்பதால், படம் ஒரு தாளில் முடிந்ததுபோல் தெரிந்தாலும் அடுத்த தாளையும் சேர்த்தே பாருங்கள். ‘ஒசிரிஸ்’ என்ற சொல்லுக்குப் பின்னால் பெயர் எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றாலோ, சுற்றிலும் இடம் மிஞ்சிக் கிடந்தாலோ, அந்த இடத்தைக் காலியாக விட்டுப் பின்னால் நிரப்பியிருக்கிறார்கள்.