புயல் பொய், தண்ணீர் மெய்
அறிவியல் புனைவு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வாசிப்பு வட்டத்தில் 'தி மார்ஷியன்' நாவலையும் படத்தையும் பேச எடுத்துக்கொண்டோம். ராக்கெட்டையே சாய்க்கப் பார்க்கும் புயலால் ஒரு விண்வெளி வீரர் செவ்வாயில் தனியாக மாட்டிக்கொள்ளும் கதை அது. செவ்வாயில் அப்படி ஒரு புயலே வராது என்று ஒருவர் சொன்னதும் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. ஆரம்பமே தப்பு என்றால் மீதிக் கதையைப் பேசி என்ன பயன்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: புயல் தப்புதான். எவ்வளவு தப்பு என்று கணக்குப் போட்டுவிடுங்கள், பேச்சு தானாக நகரும்.

காற்று ஒரு பொருளைத் தள்ளும் விசைக்குக் காரணம் இரண்டு: காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம். பூமியில் கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. செவ்வாயில் அதே கன மீட்டரில் இருப்பது சுமார் 20 கிராம்தான். அதாவது 60 மடங்கு குறைவு. 60இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 8. ஆகவே செவ்வாய்க் காற்றின் வேகத்தை 8ஆல் வகுத்தால், பூமியில் எந்தக் காற்று அதே அளவு தள்ளும் என்பது கிடைத்துவிடும். நாவலில் புயலின் வேகம் மணிக்கு 175 கி.மீ. வகுத்தால் 22. கொடியில் காயும் வேட்டி படபடக்கும், ராக்கெட் சாயாது.

நாவலாசிரியர் ஆண்டி வியர் இது தெரிந்தேதான் எழுதினார். மனிதனுக்கும் இயற்கைக்கும் நடக்கும் சண்டையில் முதல் அடி இயற்கையுடையதாக இருக்க வேண்டும் என்று விரும்பியதாகப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கதை தொடங்க வாசகரிடம் வாங்கிய கைமாற்று அது. கைமாற்று வாங்காத அறிவியல் புனைவு மிகக் குறைவு. வாங்கிய பிறகு கதை ஒழுங்காகக் கணக்குக் காட்டுகிறதா என்பதைத்தான் வட்டத்தில் பேச வேண்டும்.

நாயகன் தண்ணீர் தயாரிக்கும் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஸீன் எரிபொருளை இரிடியம் வினையூக்கியின் மேல் சொட்டவிட்டால் அது நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரியும். 32 கிராம் ஹைட்ரஸீனில் 4 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது. அதை எரிக்க 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும். கிடைப்பது 36 கிராம் தண்ணீர். ஒரு கிலோ எரிபொருளுக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல். வேதியியல் சரி. ஆபத்துகளும் சரியான இடத்திலேயே வருகின்றன. ஹைட்ரஸீன் கடும் நஞ்சு. பிரியும்போதே சூட்டைக் கக்கும். எரியாமல் தப்பிய ஹைட்ரஜன் மூடிய அறையில் சேர்ந்துகொண்டே போகும். நாயகனுக்கு விபத்து நேர்வது இந்த இடத்தில்தான். ஆசிரியர் வசதிக்காக விபத்தை வரவழைக்கவில்லை, வேதியியலே அதைக் கொண்டுவருகிறது. இந்த நாவலின் பலம் என்று நான் கருதுவது இதைத்தான்.

நாயகன் செவ்வாய் மண்ணில் பயிரிடும் உருளைக்கிழங்கில் ஒரு சிக்கல் உண்டு. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்புகள் இருப்பதை 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டறிந்தது. அளவு சுமார் அரை சதவீதம். தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதை இந்த உப்பு தடுக்கும். நல்ல வேளையாக இது தண்ணீரில் எளிதில் கரைவது. மண்ணைப் பலமுறை அலசி வடித்தால் பெரும்பகுதி போய்விடும். ஆனால் அப்படி அலச எத்தனை லிட்டர் தண்ணீர் வேண்டும், அதற்கு எவ்வளவு ஹைட்ரஸீன் வேண்டும்? அடுத்த கூட்டத்தை இந்தக் கேள்வியோடு தொடங்குங்கள்.

கேள்வி: 'இன்டர்ஸ்டெல்லர்' படத்தில் கருந்துளையைச் சுற்றும் அந்த நீர்க் கோளில் 1 மணி நேரம் பூமியில் 7 ஆண்டு என்கிறார்கள். நண்பர்களில் பாதிப் பேர் இது கப்ஸா என்கிறார்கள். விஞ்ஞானி ஒருவரே ஆலோசகராக இருந்தாரே?
– மென்பொருள் பொறியாளர், கோவை

பதில்: இருந்தார். இயற்பியலாளர் கிப் தார்ன். படம் வெளிவந்தது 2014இல், ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததற்காக அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது 2017இல். உங்கள் நண்பர்களின் சந்தேகமும் நியாயமானதே.

7 ஆண்டுகளை மணிகளாக்கினால் சுமார் 61,000 வருகிறது. நேரம் அத்தனை மடங்கு மெதுவாக ஓட வேண்டும். சுழலாத கருந்துளையைச் சுற்றி இது நடக்கவே நடக்காது. அதைச் சுற்றி ஒரு கோள் விழாமல் நிலையாகச் சுற்றக்கூடிய மிக உட்பாதை, கருந்துளையின் ஆரத்தைப் போல 3 மடங்குத் தொலைவில் இருக்கிறது. அங்கே கிடைக்கும் கால வித்தியாசம் வெறும் 1.41 மடங்கு. கோளில் 1 மணி நேரம் கழிந்தால் வெளியே 1 மணி 25 நிமிடம். அவ்வளவுதான்.

கருந்துளை சுழன்றால் நிலைமை மாறும். சுழற்சி கூடக்கூட அந்த உட்பாதை கருந்துளையின் விளிம்பை நெருங்கும். 61,000 மடங்கு வேண்டுமானால் சுழற்சி, இயற்கை அனுமதிக்கும் உச்சத்துக்கு வெறும் 100 லட்சம் கோடியில் ஒரு பங்கு குறைவாக இருக்க வேண்டும் என்று தார்ன் கணக்கிட்டார். அப்படி ஒரு கருந்துளை உருவாக வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஆனால் விதிகள் அதைத் தடுக்கவில்லை. 'நடக்காது' என்பதும் 'நடக்க வாய்ப்பு அரிது' என்பதும் வேறு வேறு. உங்கள் நண்பர்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

"அவ்வளவு பக்கத்தில் போனால் கோளே பிய்ந்துவிடாதா?" என்று அடுத்துக் கேட்பார்கள். பிய்க்கும் விசை, பெரிய கருந்துளையின் விளிம்பில் குறைவாகவும் சிறியதன் விளிம்பில் அதிகமாகவும் இருக்கும். படத்தில் வருவது 10 கோடி சூரியன்களின் நிறை கொண்டது. அந்த அளவுக்கு அதைப் பெரிதாக்கியதே கோள் தப்பிக்கத்தான்.

படம் உண்மையிலேயே சமரசம் செய்துகொண்ட இடம் வேறு. திரையில் கருந்துளையை வரைய எடுத்துக்கொண்ட சுழற்சி, உச்சத்தில் 0.6 பங்குதான். கதையில் ஒரு சுழற்சி, காட்சியில் இன்னொன்று! மேலும், கருந்துளையைச் சுற்றும் ஒளிரும் வாயு வட்டில் நம்மை நோக்கி வரும் பக்கம் பளிச்சென்றும் விலகிப்போகும் பக்கம் மங்கியும் தெரிய வேண்டும். பார்வையாளர்கள் குழம்புவார்கள் என்று அதையும் விட்டுவிட்டார்கள். 2019 ஏப்ரலில் வெளியான எம்87 என்ற விண்மீன் மண்டலத்தின் கருந்துளைப் படத்தைப் பாருங்கள்: வளையத்தின் கீழ்ப்பக்கம் மட்டும் கூடுதலாக ஒளிர்கிறது. எனக்கு அந்தச் சமரசத்தில் வருத்தம்தான். ஒரு பக்கம் மங்கிய கருந்துளையைப் பார்த்தவர்கள் காரணம் கேட்டிருப்பார்கள். கேட்டவர்களுக்கு ஒரு நல்ல பாடம் கிடைத்திருக்கும்.

கேள்வி: ஆர்தர் சி. கிளார்க் இலங்கையிலேயே வாழ்ந்தவர். பிறகு ஏன் 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் எங்கள் தீவை இடம் மாற்றி வைத்தார்?
– ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: அவர் 1956 முதல் 2008இல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்தவர், உங்கள் மலைகளை நன்றாக அறிந்தவர். மாற்றியதற்குக் காரணம் பொறியியல். 1979இல் வந்த அந்த நாவல் விண்வெளி மின்தூக்கியைப் பற்றியது. தரையிலிருந்து விண்ணுக்கு ஒரு கயிறு நிற்க வேண்டுமென்றால், மேலே அதன் நிறைமையம் பூமியோடு சேர்ந்து 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்ற வேண்டும். அப்படிச் சுற்றும் பொருள் ஒரே இடத்துக்கு மேலே அசையாமல் நிற்பது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, 35,786 கி.மீ. உயரத்தில் மட்டும்தான். இலங்கையோ வடக்கே 6 முதல் 10 பாகைக்குள் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து விலகினால் கயிறு சாய்ந்து நிற்கும், இழுவிசை கூடும். ஆகவே தீவைச் சுமார் 800 கி.மீ. தெற்கே நகர்த்தி 'தப்ரபேன்' என்று பழைய பெயரிட்டார். சிகிரியா பாறைக்கோட்டை அங்கே யக்ககல ஆனது. சிவனொளிபாத மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கி, சிகிரியாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். இதையெல்லாம் மறைக்காமல் நாவலிலேயே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கதை வாங்கும் பெரிய கைமாற்று தீவு அல்ல, கயிறுதான். உறுதியான எஃகுக் கம்பியைத் தொங்கவிட்டால் சுமார் 25 கி.மீ. நீளத்தில் தன் எடை தாங்காமல் அறுந்துவிடும். மின்தூக்கிக் கயிறு முழுக்க ஒரே தடிமனாக இருந்தால், அப்படித் தொங்கவிட்டால் ஏறக்குறைய 5,000 கி.மீ. நீளம்வரை அறாமல் தாங்கும் பொருள் வேண்டும். நடுவில் தடித்து நுனிகளில் மெலியும்படி செய்தால் தேவை குறையும்; ஆனால் எஃகில் செய்ய முயன்றால் அந்தத் தடிமன் கற்பனைக்கு எட்டாத அளவுக்குப் போய்விடும். நீங்கள் மாணவர்களோடு இந்த நாவலைப் படித்தால், இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: 'பிளேடு ரன்னர்' பற்றிப் பேசினால் ஆளுக்கொரு முடிவு சொல்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகர், சென்னை

பதில்: எல்லாரும் சரியாகவே சொல்லியிருக்கக்கூடும். 1982இல் திரையரங்கில் வந்த பதிப்பில் நாயகனின் பின்னணிக் குரலும் நிம்மதியான ஒரு முடிவும் உண்டு. 1992 இயக்குநர் பதிப்பில் இரண்டும் போய், ஒற்றைக்கொம்புக் குதிரைக் கனவு சேர்ந்தது. இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் முழுக் கட்டுப்பாட்டில் உருவானது 2007இன் 'ஃபைனல் கட்' மட்டுமே. முதல்முறை பார்ப்பவருக்கு அதைத்தான் சொல்வேன். மூல நாவலான ஃபிலிப் கே. டிக்கின் 1968 படைப்பிலும் இதே தொல்லை: பழைய பதிப்புகளில் கதை நடப்பது 1992இல், பிந்தியவற்றில் 2021இல்.

பேச்சைத் தொடங்கும் முன் எந்தப் பதிப்பு, எந்த மொழிபெயர்ப்பு என்று ஒரு வரி எழுதிவிட்டால் பாதிச் சண்டை வராது. ஸ்டானிஸ்லாவ் லெம்மின் 'சோலாரிஸ்' நல்ல உதாரணம். போலிஷ் மூலம் 1961இல் வந்தது. 1970இல் வந்த ஆங்கில வடிவம் பிரெஞ்சு வழியாகச் செய்யப்பட்டது. போலிஷிலிருந்து நேராக ஆங்கிலத்துக்கு வந்தது 2011இல்தான். பழையதைப் படித்தவரும் புதியதைப் படித்தவரும் நடையைப் பற்றி வாதிட்டால் முடிவே வராது. லியு சிஷினின் 'தி த்ரீ-பாடி ப்ராப்ளம்' நாவலில் கலாசாரப் புரட்சி அத்தியாயங்கள் ஆங்கிலத்தில் தொடக்கத்தில் இருக்கின்றன; சீனப் புத்தகத்தில் அவை நடுவே இருந்தன. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் பயணம் வியாழனுக்கு, நாவலில் சனிக்கு. சனியின் வளையங்களை நம்பும்படி படமாக்க முடியாததுதான் காரணம்.

கேள்வி: காலப் பயணப் படம் பார்த்துவிட்டு வந்தால் லாஜிக் ஓட்டை பற்றி விடிய விடியச் சண்டை. தீர்க்க வழி உண்டா?
– நண்பர்கள் குழு, திருச்சி

பதில்: ஒரு தாளும் பேனாவும் போதும். முதலில் அந்தப் படம் எந்த வகை என்று முடிவுசெய்யுங்கள். நடந்ததை மாற்றவே முடியாது, போய்த் தடுக்கப் பார்ப்பதும் நடந்ததில் ஒரு பகுதிதான் என்பது ஒன்று ('12 மங்கீஸ்', 1995). கடந்த காலத்தை அழித்து எழுதலாம் என்பது இன்னொன்று ('பேக் டு த ஃப்யூச்சர்', 1985, நம் 'இன்று நேற்று நாளை', 2015). மாற்றினால் வேறொரு கிளை முளைக்கும், பழையது அப்படியே இருக்கும் என்பது மூன்றாவது ('அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்', 2019). ஒரு வகையின் விதியை வைத்து இன்னொரு வகையில் ஓட்டை கண்டுபிடிப்பதால்தான் பெரும்பாலான சண்டைகள் வருகின்றன. படம் நடுவழியில் தானே வகை மாறினால், அது உண்மையான ஓட்டை.

பிறகு தாளில் உலக நேரத்துக்கு ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கோடு போட்டு, அவர் கைக்கடிகாரம் காட்டும் நேரத்தை அதில் குறியுங்கள். 'ப்ரைமர்' (2004) படத்தை இப்படித்தான் அவிழ்க்க முடியும். அதன் விதி: காலப் பயணப் பெட்டியைக் காலை 9 மணிக்கு இயக்கி, மாலை 3 மணிக்கு உள்ளே போனால், 6 மணி நேரம் உள்ளேயே கிடந்து காலை 9 மணிக்கு வெளியே வரலாம். ஆகவே இரண்டாவது தடவை 3 மணி ஆகும்போது உலகுக்கு 6 மணி நேரம் கழிந்திருக்கும், அவர் கடிகாரத்தில் 18 மணி நேரம். 9 முதல் 3 வரை ஒரே ஆள் வெளியே இரண்டு பேராக உலவுவார். பெட்டியை இயக்குவதற்கு முந்தைய நேரத்துக்குப் போகவே முடியாது.

'மாநாடு' (2021) போன்ற, ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் டைம் லூப் படங்களுக்கு இவ்வளவு கோடு தேவையில்லை. ஒவ்வொரு சுற்றிலும் யாருக்கெல்லாம் நினைவு மிஞ்சுகிறது என்று மட்டும் பட்டியலிடுங்கள்.

கேள்வி: டெட் சியாங்கின் கதையை முதலில் படிப்பதா, 'அரைவல்' படத்தை முதலில் பார்ப்பதா?
– இல்லத்தரசி, மதுரை

பதில்: படம் முதலில். 1998 கதையான 'ஸ்டோரி ஆஃப் யுவர் லைஃப்' தன் ரகசியத்தைத் தொடக்கத்திலேயே வாக்கியங்களின் இலக்கணக் காலத்தில் வைத்திருக்கிறது. 2016 படம் அதைக் கடைசிவரை பொத்திவைக்கிறது. கதையை முன்பே படித்தவருக்குப் படத்தின் திருப்பம் போய்விடும். படம் பார்த்தவருக்குக் கதையில் இழப்பு ஒன்றுமில்லை. மிகக் குறைந்த நேரமெடுக்கும் பாதையிலேயே ஒளி செல்லும் என்ற ஃபெர்மா கோட்பாடுதான் கதையின் முதுகெலும்பு. படத்தில் அது ஏறக்குறைய இல்லை.

இன்னும் பார்க்காதவர்கள் இருக்கும் குழுவில் எழுதும்போது முதல் இரண்டு வரிகளில் படத்தின் பெயரையும் எதுவரை பேசப்போகிறீர்கள் என்பதையும் மட்டும் எழுதுங்கள். கைபேசி அறிவிப்பில் தெரிவது அந்த வரிகள்தான். முடிவைச் சொல்லும் வாக்கியம் அதற்குக் கீழே போகட்டும்.