மாடிப்படியைச் சுருக்கினால் மாமியார் அறை பெரிதாகுமா?

கேள்வி: ஐயா, திருச்சியில் 30-க்கு 40 மனை, கிழக்குப் பார்த்தது. சுயசான்று முறையில் (வரைபடம் விதிப்படி இருக்கிறது என்று நாமே உறுதி கொடுப்பது) பிளான் அனுமதி வாங்கிவிட்டோம். ஆவணியில் பூமி பூஜை. மாமியாருக்கு மூட்டுவலி. கீழே அவர் அறை 12-க்கு 11, அதை ஒட்டிய கழிவறை 7-க்கு 4. மாடிப்படியில் ஒன்றரை அடி எடுத்துக் கழிவறையைப் பெரிதாக்கலாமா? சமையலறை அக்னி மூலைக்கு வரவேண்டும் என்றும் சொல்கிறார். மேஸ்திரியோ, "கட்டும்போது பார்த்துக்கலாம்மா" என்கிறார்.
- வாசகி, திருச்சி

பதில்: மேஸ்திரி சொன்னதை மட்டும் கேட்காதீர்கள், அம்மா. கட்டும்போது பார்த்தால் உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

படிக்கட்டில் கை வைக்காதீர்கள். பத்தடி உயரத் தளமும் ஐந்து அங்குல கான்கிரீட்டும் சேர்ந்து 125 அங்குலம். ஒரு படி ஏழு அங்குல உயரம் என்றால் 18 ஏற்றம். நடுவில் திரும்பும் படிக்கட்டில் பக்கத்துக்கு எட்டு மிதிபடி, அதாவது கால் வைக்கும் பரப்பு. பத்து அங்குலம் வீதம் 80 அங்குலம், திரும்பும் இடத்துக்கு மூன்றடி. மொத்தம் பத்தடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒன்றரை அடியை எடுத்தால் மிதிபடி ஏழேமுக்கால் அங்குலமாகிவிடும். 1996-இல் என் வீட்டில் ஹாலுக்காக ஒரு அடியை நானே திருடினேன். மொட்டைமாடியில் வடகம் போட்டுவிட்டு என் மனைவி காலைக் குறுக்கே வைத்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அவளிடம் திட்டு வாங்குகிறேன். வரைந்தவனும் நான், வீட்டுக்காரனும் நான். யார்மேல் பழி போடுவது?

ஒன்றரை அடியை அறையிலிருந்தே எடுங்கள். ஒருவர் படுக்க நாலடிக் கட்டில் போதும். கழிவறை 7-க்கு ஐந்தரை ஆகும். கதவு மூன்றடி அகலம் இருக்கட்டும், வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே அவர் விழுந்துவிட்டால் உட்புறம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். கழிவறை வாசலில் படி வேண்டாம். கைப்பிடிக் கம்பி எங்கே வரும் என்பதையும் இப்போதே குறித்துவிடுங்கள். அந்த இடத்தில் சுவர் ஒன்பது அங்குலமாக இருந்தால் போல்ட் நன்றாகப் பிடிக்கும்.

சுவரை நகர்த்துவது காகிதத்தில் சுலபம். ஆனால் தூண் எங்கே, பீம் எங்கே என்று ஸ்ட்ரக்சுரல் வரைபடம் போட்டவரிடம் கேட்காமல் நகர்த்தாதீர்கள். தூண் ஒன்று நகர்ந்தாலும் அஸ்திவாரக் கணக்கே மாறிவிடும். மாடிக் கழிவறை இதற்கு நேர் மேலே வருகிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் குழாய் யார் தலைக்கு மேல் போகும் என்பதுதான் கேள்வி.

அக்னி மூலை விஷயத்தில் எனக்கு நம்பிக்கை பாதி, உங்கள் மாமியாருக்கு முழுசு. கிழக்கு வாசல் வீட்டில் தென்கிழக்கு என்பது தெருப்பக்கம். காலை வெயில் வரும், கேட்டில் யார் நிற்கிறார்கள் என்று அடுப்படியிலிருந்தே தெரியும். மாற்றிவிடுங்கள், சண்டை வேண்டாம். ஆனால் பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து கழிவுநீர் போகும் வழி செப்டிக் டேங்க் வரை சரியான சரிவில் வருகிறதா என்பதைக் கேளுங்கள்.

அனுமதி விஷயம்: 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறை 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்பவர்களுக்கானது. அலுவலகம் உடனே அனுமதி தருகிறது, பொறுப்பு உங்கள் தலையில். வெளிச்சுவர் நகர்ந்தாலோ பரப்பு கூடினாலோ திருத்திய வரைபடத்துக்கு மறுபடி அனுமதி வாங்குங்கள். கடன் வாங்கியிருந்தால் வங்கிக்கும் அதே பிரதி.

இன்னொன்று. பூமி பூஜைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனையில் சுண்ணாம்புப் பொடியால் மாமியார் அறையைக் கோடு போட்டு, கட்டில் அளவுக்குக் கயிறு கட்டுங்கள். அவரையே நடக்கவிட்டுப் பாருங்கள். அவர் திரும்பும் இடத்தில் இடிக்கிறதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்புறம் புதிய பிரதிகளில் தேதி போட்டு, மேஸ்திரி கையில் இருக்கும் பழையதை வாங்கிக் கிழித்துவிடுங்கள்.