பலகையில இருந்த அஞ்சு எப்படி நாலாச்சு

அன்புள்ள அக்கா,

உங்க சைட்டை ரொம்ப நாளா படிக்கிறேன், எழுதறது இதான் முதல் தடவை. நான் இங்கிலாந்துல ரெடிங்ல ஐடி வேலை, மனைவி இங்க ஒரு ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ், தஞ்சாவூர்ல படிச்சுட்டு வந்தவ. நைட் டியூட்டி முடிச்சு வந்தா சாப்பிடக்கூட தெம்பில்லாம படுத்துடறா, எப்பவும் ஆள் பத்தல. பார்லிமென்ட் கமிட்டியில ஹெல்த் ஆபீசர்களை உக்கார வச்சு எம்பிக்கள் காரசாரமா கேள்வி கேக்கற வீடியோ பாத்தேன். அப்புறம் ஒரு ரிப்போர்ட் வருது, கவர்ன்மென்ட் ஒரு பதில் எழுதுது, முடிஞ்சுது. இது வெறும் நாடகம்தானே? கொரோனா கிட் (மாஸ்க், கவுன் மாதிரி பாதுகாப்பு சாமான்) வாங்கினதுல அடிச்ச கொள்ளைக்கு யாரு என்ன தண்டனை அனுபவிச்சா? மேனேஜருங்க சம்பளத்துக்கே பாதி பணம் போகுது. ஆஸ்திரேலியா போயிடலாமான்னு பேசிட்டிருக்கோம். நீங்க என்ன சொல்றீங்க?

செந்தில்

---

அன்புள்ள செந்தில்,

மொதல்ல அந்தப் பொண்ணை தூங்க விடுங்க. நைட் முடிச்சு வர்றவகிட்ட விசா, ஆஸ்திரேலியான்னு பேச்செடுத்தா என்ன பதில் வரும்? காலைல எட்டரை மணிக்கு நர்ஸுக்கு தெரிஞ்ச ஒரே ஊர் கட்டில்தான். பேசணும்னா லீவு நாள்ல பேசுங்க, நீங்களே சமைச்சு போட்டுட்டு பேசுங்க.

கிட் விஷயத்துல உங்க கோவம் நியாயம். ஆனா அந்தக் கோவத்துக்கான கணக்கை உங்க கையில குடுத்தது யாரு? முதல் வருஷம் செலவழிச்ச 1,200 கோடி பவுண்டுல 75 சதவீதம், விலை ஏத்தி வாங்கினதுலயும் தேறாத சரக்குலயும் போச்சுன்னு 2022 ஜூன்ல எழுதினது, நீங்க நாடகம்னு சொல்ற மாதிரி ஒரு எம்பிக்கள் கமிட்டிதான், அரசு செலவைக் கேள்வி கேக்கற பப்ளிக் அக்கவுண்ட்ஸ் கமிட்டி. மேனேஜர் சம்பளம் பாதின்றதெல்லாம் வாட்ஸப்ல வந்ததா? விடுங்க, அதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல.

நாடகம்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு சுருக்குன்னு ஆச்சு. ஏன்னா உங்க லெட்டர் வந்த வாரம் நான் அரசாங்கக் கணக்கை பார்லிமென்ட்டுக்காக தணிக்கை பண்ற நேஷனல் ஆடிட் ஆபீஸோட 2024 மார்ச் ரிப்போர்ட்டைத்தான் பென்சிலும் கையுமா படிச்சிட்டிருந்தேன். கமிட்டியால ஒரு ஆளை வேலைக்கு எடுக்க முடியாது, ஒரு பென்னி ஒதுக்க முடியாது, கவர்ன்மென்ட் ரெண்டு மாசத்துல பதில் எழுதணும்ங்கறது வழக்கம், அந்த பதில்ல பரிந்துரையை ஏத்துக்கறோம்னு எழுதிட்டு சும்மா இருந்துடலாம், எல்லாம் சரி. ஆனா திட்டு வாங்கறதுக்கு எந்த கவர்ன்மென்ட்டும் பயப்படாது தம்பி, அதுங்களுக்குத் தோல் தடிப்பு. பயப்படறது ஒரே ஒண்ணுக்கு. இத்தனை ஆள் வேணும்னு ஒரு நம்பரை எழுதி வெளிய வைக்கறதுக்கு.

ஜெரமி ஹன்ட்டை எடுத்துக்கோங்க. 2012லருந்து 2018 வரைக்கும் ஹெல்த் செக்ரட்டரி, அதாவது சுகாதார அமைச்சர், 2016ல ஜூனியர் டாக்டருங்க ஸ்ட்ரைக் பண்ணப்போ திட்டின திட்டெல்லாம் இவருக்குத்தான். அதே ஆளு 2020ல பார்லிமென்ட்டோட ஹெல்த் கமிட்டி தலைவரா வந்து உக்காந்தாரு. உக்காந்து என்ன கேட்டாரு? எத்தனை டாக்டர் எத்தனை நர்ஸ் வேணும்னு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை சுயேச்சையா ஒரு கணக்கு போட்டு வெளியிடுங்கன்னு கேட்டாரு. அவ்வளவுதான், ஆள் எடுங்கன்னுகூட கேக்கல. 2021 நவம்பர்ல அதை சட்டத்துல சேக்க திருத்தம் கொண்டு வந்தா, சொந்தக் கட்சி கவர்ன்மென்ட்டே தோக்கடிச்சுது. மேல்சபையான லார்ட்ஸ்ல சேத்து அனுப்பினாங்க, கீழ்சபையான காமன்ஸ்ல திரும்பவும் எடுத்துட்டாங்க. ஏன்? நம்பர் வெளிய வந்தா அடுத்த நாளே காசு எங்கன்னு கேள்வி வரும். அப்புறம் 2022 ஜூலைல கமிட்டி ரிப்போர்ட், இங்கிலாந்துல 12,000 ஆஸ்பத்திரி டாக்டரும் 50,000க்கு மேல நர்ஸும் மிட்வைஃபும் குறையுதுன்னு. அந்த அக்டோபர்லயே ஹன்ட் நிதியமைச்சர் ஆயிட்டாரு, தான் கேட்ட கேள்விக்குத் தானே பை திறக்கணும்! நவம்பர்ல நம்பரை வெளியிடறோம்னு அறிவிச்சாரு, 2023 ஜூன் கடைசியில 15 வருஷத்துக்கான ஆள் திட்டம் வந்துச்சு, மெடிக்கல் சீட்டை ரெண்டு மடங்காக்கி 15,000ன்னு போட்டு. அந்த மூணு வருஷ நச்சரிப்பு இல்லாம இது வந்திருக்கும்னு நான் நம்பல.

இப்ப என் கதை ஒண்ணு. ஸ்டாஃபோர்ட் ஆஸ்பத்திரியில நோயாளிங்க கவனிப்பாரில்லாம செத்துப் போனதை விசாரிச்ச ஃபிரான்சிஸ் ரிப்போர்ட் 2013ல வந்துச்சே, அதுக்கப்புறம் 2014லருந்து ஒவ்வொரு வார்டு வாசல்லயும் இந்த ஷிப்டுக்கு எத்தனை நர்ஸ் திட்டம், எத்தனை பேர் நிஜமா இருக்காங்கன்னு எழுதிப் போடணும்னு வந்துச்சு. நான் அப்ப வேலை பாத்த ஆஸ்பத்திரியோட பேரு வேணாம். 28 பெட், வயசானவங்க வார்டு. வெள்ளைப் பலகையில திட்டம் 5, இருப்பது 3ன்னு காலைல ஹேண்டோவர் முடிஞ்சதும் நானே மார்க்கர்ல எழுதுவேன். வாரத்துல பாதி நாள் இதே கதைதான், ஏஜென்சி நர்ஸ் வரலைன்னா யாரு வருவா. ஒரு திங்கக்கிழமை வந்து பாக்கறேன், திட்டம்ங்கற கட்டத்துல 4ன்னு அச்சடிச்ச ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு. ஆள் ஒருத்தர்கூட ஏறல, 60 சதவீதமா இருந்தது ஒரே ராத்திரியில 75 ஆயிடுச்சு! கேட்டா, பகல்ல ஒரு நர்ஸுக்கு எட்டு நோயாளிக்கு மேல போனாதான் ஆபத்துன்னு நைஸ்ங்கற மருத்துவ வழிகாட்டி அமைப்பு சொல்லியிருக்கு, நாலு பேர்னா ஆளுக்கு ஏழுதானேன்னு பதில். நிஜத்துல மூணு பேரு, ஆளுக்கு ஒம்பதுக்கு மேல, அதைப் பத்தி பேச்சே இல்ல. நாங்க யாரும் வாயத் திறக்கல, அதையும் சொல்லிடறேன். ஏழாம் நம்பர் பெட் தாத்தாவோட பொண்ணு, மத்தியானம் பாக்க வந்தவ, பலகை முன்னாடி நின்னு, "வெள்ளிக்கிழமை இங்க அஞ்சுன்னு இருந்துச்சே, என்ன குறைஞ்சு போச்சு, நோயாளியா?"ன்னு சத்தமா கேட்டா. மேட்ரன் முகத்தைப் பாக்கணுமே.

ஆடிட் ரிப்போர்ட்டைப் படிக்கும்போது எனக்கு அந்த ஸ்டிக்கர்தான் கண்ணு முன்னாடி வந்துச்சு. ஹன்ட் வாங்கிக் குடுத்த அந்தத் திட்டம், வருஷா வருஷம் ஊழியர் உற்பத்தித்திறன் 1.5லருந்து 2 சதவீதம் ஏறும்னு வச்சுக்கிட்டு போட்ட கணக்காம். ஏறினா கம்மி ஆள் போதும், ஏறலைன்னா? அந்த அனுமானத்தையும் கணக்குப் போட்ட விதத்தையும் ஆடிட்டருங்க பிச்சு எடுத்திருக்காங்க. உங்க கேள்விக்கு நான் எழுதணும்னு உக்காந்ததே இதுக்குத்தான். நம்பரை வெளிய கொண்டு வந்தா மட்டும் பத்தாது, திட்டம்ங்கற கட்டத்துல எழுதறவன் கையைப் பிடிச்சுப் பாக்க ஒருத்தன் வேணும், அதை ஆடிட்டரும் எம்பியும் செய்யலைன்னா வேற யாரும் செய்ய மாட்டாங்க. வேல்ஸ்ல 2016ல நர்ஸ் எண்ணிக்கைக்கே சட்டம் போட்டுட்டாங்க, அதுவும் எதிர்க்கட்சியில இருந்த ஒரு அம்மா கொண்டு வந்த மசோதா. ஸ்காட்லாந்துலயும் 2019ல போட்டாச்சு. இங்கிலாந்துல இல்ல. ஆங், ஆஸ்திரேலியா கேட்டீங்கல்ல, விக்டோரியாவுல 2015லருந்து சட்டமே இருக்கு, பெரிய ஆஸ்பத்திரி பொது வார்டுல பகல்ல நாலு நோயாளிக்கு ஒரு நர்ஸ். போறதும் போகாததும் உங்க மனைவி முடிவு, நீங்க பொட்டி தூக்குங்க.

அதுவரைக்கும் ஒரு வேலை பண்ணுங்க. ஆள் குறைஞ்ச ஒவ்வொரு ஷிப்டுக்கும் அவளை டேட்டிக்ஸ் (ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல பதியற சம்பவ ரிப்போர்ட்) போடச் சொல்லுங்க, சோம்பல் படாம. அடுத்து எந்தக் கமிட்டியாவது நர்ஸுங்க விஷயமா சாட்சியம் கேட்டு அறிவிச்சா எழுதி அனுப்பலாம், எம்பியா இருக்கணும்னு அவசியமில்ல, யார் வேணா அனுப்பலாம், பேரு போடாம வெளியிடுங்கன்னும் கேக்கலாம். நோயாளி பேரு மட்டும் வரக்கூடாது. ஏற்கனவே வேற எங்கயாவது வெளியான எழுத்தா இருக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க, அதனாலதான் அவ வார்டைப் பத்தி நீங்க எழுதின ரெண்டு பக்கத்தை இங்க போடாம வெட்டிட்டேன். கோச்சுக்காதீங்க, அதை அப்படியே பத்திரமா வச்சிருங்க.

அன்புடன்,
அக்கா