உற்பத்தி நிறுத்தப்பட்ட மாதிரி ரொக்கெட் கிட்டுக்குக் குழாயும் மூக்கும் யாழ்ப்பாணத்தில் செய்யலாமா?

கேள்வி, எஸ்டெஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய மாதிரி ரொக்கெட் கிட்டின் நசுங்கிய பி.ரி.-60 (உடற்குழாயின் அளவுப் பெயர்) குழாயையும் தொலைந்த மூக்குக் கூம்பையும் பற்றியது. இரண்டையும் வீட்டிலேயே செய்யலாம். ரொக்கெட்டை உந்தும், எரிபொருள் அடைத்த மோட்டரை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்.

பி.ரி.-60 இன் உள்விட்டம் 40.5 மி.மீ., வெளிவிட்டம் 41.6 மி.மீ. ஹார்ட்வெயார் கடையில் 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி.வி.சி. குழாயை வேர்னியரால் அளந்தே வாங்குங்கள். அதை அச்சாக வைத்து, அதன்மேல் 80 கிராம் (சதுர மீற்றருக்கு) கடதாசியை இரண்டு சுற்று பசையின்றிச் சுற்றி, மெல்லிய பொலித்தீனால் மூடினால் உள்விட்டம் சரிவரும். பிறகு 65 செ.மீ. நீளக் கடதாசியை ஐந்து சுற்று சுற்றுங்கள். முதற் சுற்றுக்குப் பசை வேண்டாம், மற்றவற்றுக்கு வெள்ளைப் பசையை மிக மெல்லியதாகப் பூசுங்கள். தண்ணீர் கூடினால் சுருக்கம் விழும். முழுக்கக் காயவிட்டால் கடதாசி சுருங்கி அச்சைக் கவ்விவிடும். அரை ஈரத்திலேயே திருகிக் கழற்றுங்கள்.

மூக்குக்குப் பல்சா என்ற மிக இலேசான மரம் இல்லையென்றால் நன்றாக உலர்ந்த முள்முருக்கு போதும். உள்ளே செருகும் பகுதியை 40.2 மி.மீ. வரை தேய்த்து வார்னிஷ் பூசுங்கள். இல்லாவிட்டால் மாரியில் மரம் ஊதி இறுகும், பரசூட் வெளிவராது.

எடையில்தான் பலர் தவறுகிறார்கள். புதிய மூக்கு பழையதைவிட இலேசானால் ஈர்ப்பு மையம் பின்னே போய் ரொக்கெட் சுழலும். மோட்டருடன் சேர்த்து, ஈர்ப்பு மையம் அமுக்க மையத்துக்குக் (காற்றின் விசை தாக்கும் மையப் புள்ளி) குறைந்தது ஒரு குழாய் விட்டமளவு முன்னே இருக்கவேண்டும்; குறைந்தால் மூக்கினுள் களிமண் வையுங்கள்.