ஓட்டல் மெனுவும் நம் வீட்டு வடவமும்: வாசகர் கேள்வி பதில்

ஓட்டலுக்குக் குடும்பத்தோடு போய் கடாய் பனீர், பட்டர் மசாலா, மிக்ஸ் வெஜ் என்று விதவிதமாக வாங்கினாலும் கடைசியில் எல்லாம் ஒரே ருசியாகத்தான் இருக்கிறது. எங்கள் நாக்குதான் சரியில்லையா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

உங்கள் நாக்கு சரியாகத்தான் இருக்கிறது. பெரும்பாலான ஓட்டல்களில் காலையிலேயே இரண்டு மூன்று குண்டான்களில் கிரேவி தயார் செய்து வைத்துவிடுவார்கள். வெங்காயமும் தக்காளியும் வதக்கியது ஒன்று, தக்காளியோடு முந்திரியும் வெண்ணெயும் சேர்ந்த சிவப்பு ஒன்று, வெங்காயத்தையும் முந்திரியையும் வேகவைத்து அரைத்த வெள்ளை ஒன்று. ஆர்டர் வந்ததும் ஒரு கரண்டி எடுத்து வாணலியில் போட்டு, கடாய் பனீர் என்றால் கொரகொரப்பாகப் பொடித்த மல்லியும் குடமிளகாயும், பட்டர் மசாலா என்றால் கிரீமும் கசூரி மேத்தியும் (காயவைத்த வெந்தயக் கீரைதான்) சேர்த்து பத்தே நிமிடத்தில் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று ஐட்டமும் ஒரே குண்டானிலிருந்து வந்தால் ஒரே ருசிதானே இருக்கும்! அடுத்த முறை கிரேவி ஒன்று, தந்தூரி அடுப்பில் சுட்டது ஒன்று, பருப்பு ஒன்று என்று பிரித்து வாங்கிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். அப்புறம் ஒரு விஷயம், அந்த கிரேவியின் வழுவழுப்பு முந்திரியால் வருவது, பக்கத்தில் பண்ருட்டியில் விளைகிற அதே முந்திரி. போர்ச்சுகீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம் நம் செம்மண்ணில் இப்படி ஊன்றிவிட்டது.

பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். கேட்டதற்கு எல்லோரும் கொடுக்கிறார்கள் என்றார்கள். கொடுத்தே ஆகவேண்டுமா?
- வாசகி, மஞ்சக்குப்பம்

வேண்டாம். ஜிஎஸ்டி வேறு, அது வரி, கட்டித்தான் ஆகவேண்டும். சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுத்துவிடச் சொல்லுங்கள், மறுத்தால் 1915-க்கு போன் செய்யுங்கள். பரிமாறிய பையனுக்கு மனசார கையில் கொடுப்பது வேறு விஷயம், அதை நிறுத்திவிடாதீர்கள்.

பிரான்ஸில் வேலை பார்க்கும் என் மகன், கூட வேலை செய்யும் பிரெஞ்சுக்கார நண்பரைப் பொங்கலுக்கு அழைத்து வருகிறான். அங்கே இந்திய ரெஸ்டாரண்டில் பட்டர் சிக்கனும் நான் ரொட்டியும் சாப்பிட்டு, இந்தியச் சாப்பாடு எனக்கு அத்துப்படி என்கிறாராம். அவருக்கு இங்கே என்ன வாங்கித் தரலாம்?
- வாசகி, முதலியார்பேட்டை

அவர் சாப்பிட்டதும் நல்ல சாப்பாடுதான் அம்மா, ஆனால் அது டெல்லிச் சாப்பாடு. 1947 பிரிவினைக்குப் பிறகு பெஷாவர் பக்கமிருந்து வந்தவர்கள் தரியாகஞ்சில் நடத்திய ஓட்டலிலிருந்து ஊர் ஊராகப் பரவியது பட்டர் சிக்கன், யார் முதலில் செய்தது என்று 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை வழக்கு போயிருக்கிறது. ஆக, அவருக்கு அத்துப்படியானது ஒரு வட்டாரத்துச் சமையல்.

மதியம் நல்ல இலைச் சாப்பாடு போடும் ஓட்டலுக்கு அழைத்துப் போங்கள். இலையின் நுனி அவருக்கு இடப்பக்கம் இருக்கட்டும். அவர்கள் ஊரில் ஒவ்வொன்றாக வரிசையாக வரும், நம் இலையில் கூட்டும் பொரியலும் ஊறுகாயும் முதலிலேயே வந்து உட்கார்ந்துவிடும், வரிசையெல்லாம் சோற்றில் ஊற்றுவதில்தான்: சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், கடைசியில் மோர். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் அவர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டு முழிக்கமாட்டார்.

ஆனால் ராத்திரி ஓட்டல் வேண்டாம், வீட்டில் மீன் குழம்பு வையுங்கள், வடவம் தாளித்து. புதுச்சேரியிலும் கடலூரிலும் நமக்கே உரிய வாசனை அதுதான், அதை எந்த மெனு கார்டிலும் பார்க்கமுடிவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். சித்திரை வெயிலில் என் அம்மா சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் ஒன்றிரண்டாக இடித்து, கடுகு, சீரகம், வெந்தயம், உளுத்தம்பருப்பு, மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு எல்லாம் போட்டு விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, பகலில் உருண்டையாக மொட்டை மாடியில் காயவைத்து, சாயங்காலம் திரும்பச் சட்டியில் போட்டுப் பிசைந்து மூடிவைப்பார். நாளாக ஆக உருண்டை கறுத்து இறுகும், மாடிப்படி ஏறும்போதே மூக்கில் ஏறும். கொஞ்சம் பிய்த்துக் காய்ந்த எண்ணெயில் போட்டால் படபடவென்று பொரிந்து தெருவுக்கே வாசம் போகும்.

இதே வடவம்தான் பிரெஞ்சுக்காரர்கள் வழியாகக் கடல் தாண்டி 'வடூவான்' என்ற பெயரில் அங்கே மசாலாப் பொடியாக விற்கிறது. உங்கள் விருந்தாளிக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது, எங்கிருந்து வந்தது என்பது தெரியாமல் இருக்கலாம். குழம்புக்கு மிளகாய்த்தூளைப் பாதியாகக் குறையுங்கள், புளியைக் குறைக்காதீர்கள். வடவத்தை மட்டும் அவரை அடுப்பங்கரைக்கே கூப்பிட்டு, அவர் கண் முன்னால் தாளியுங்கள்.